அர்த்தம் பின்னால் வரும்

ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1901, 1902 ஆண்டுகளில் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் சமய அனுபவங்களைப் பற்றித் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். மனம் நொறுங்கிப்போனவர்களைப் பற்றிய பகுதியில், பெயர் சொல்லாமல் ஒரு பிரெஞ்சுக்காரரின் வாக்குமூலத்தைச் சேர்த்திருந்தார். அந்த மனிதர் ஒரு நாள் அந்தி நேரத்தில் உடை மாற்றும் அறைக்குள் ஏதோ எடுக்கப் போகிறார். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், இருட்டிலிருந்து கிளம்பியதுபோல ஒரு திகில் அவரைக் கவ்விக்கொள்கிறது. கூடவே, மனநோய் விடுதியில் எப்போதோ பார்த்த ஓர் இளைஞனின் உருவம் நினைவில் எழுகிறது. முழங்கால்களை முகவாய் வரை இழுத்துக்கொண்டு, சுவரோரப் பலகையில் நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்த வலிப்பு நோயாளி அவன். நானும் நாளைக்கு இப்படி ஆகலாம், அதைத் தடுக்க என் கையில் எதுவும் இல்லை என்று தோன்றுகிறது. அதன் பிறகு மாதக்கணக்கில் அவரால் இருட்டில் தனியாக வெளியே போக முடியவில்லை.

அந்தப் பிரெஞ்சுக்காரர் வேறு யாருமில்லை, ஜேம்ஸேதான். அந்தச் சொற்பொழிவுகளின் நூல் வடிவத்தைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவருக்கு எழுதிய கடிதத்தில் பின்னாளில் அவரே இதை ஒப்புக்கொண்டார். 1869இல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்றவர், நவீன உளவியலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். அவருடைய இளமையின் பல ஆண்டுகளை மனச்சோர்வு தின்றிருக்கிறது. அந்தத் துன்பத்தை முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு சிந்தனையாக மாற்ற அவரால் முடிந்தது. அந்த முப்பது ஆண்டு இடைவெளிதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

மனச்சோர்வில் விழுந்தவர் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி இது: எனக்கு ஏன் இப்படி? இதற்கு நம் வீடுகளில் ஆயத்தமான பதில்கள் உண்டு. போன ஜென்மத்து வினை, சாமி சோதிக்கிறார், எல்லாம் நன்மைக்கே. மருத்துவமனையில் வேறொரு பதில் கிடைக்கும்: மூளையில் ஏதோ கெமிக்கல் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு பதில் துன்பத்துக்கு அளவுக்கு மீறி அர்த்தம் ஏற்றுகிறது. இன்னொன்று அர்த்தம் என்ற பேச்சையே எடுக்க விடுவதில்லை. உளவியல் ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் மூன்றாவது பதில் ஒன்று தெரிகிறது. அர்த்தம் உண்டு, ஆனால் அது நோய்க்குள் புதையலாகக் கிடப்பதில்லை. நோய் தணியத் தொடங்கிய பிறகு மனிதர் தம் கையால் கட்டுவது அது. இந்த வரிசை மாறினால் அர்த்தத் தேடலே இன்னொரு பாரமாகிவிடும்.

எது மனச்சோர்வு?

துக்கம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. மருத்துவக் கணக்கில் ஒன்பது அறிகுறிகள் உண்டு: தாழ்ந்த மனநிலை, எதிலும் நாட்டமின்மை, பசியிலோ எடையிலோ மாற்றம், தூக்கக் கோளாறு, உடல் அசைவில் மந்தம் அல்லது பதற்றம், அசதி, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம், கவனச் சிதறல், சாவைப் பற்றிய நினைவு. இவற்றில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரங்களுக்காவது, பெரும்பாலும் நாள் முழுக்க இருக்க வேண்டும். முதல் இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். நம் ஊர் நோயாளிகள் பலர் இதை மனதின் மொழியில் சொல்வதே இல்லை. தலை பாரமா இருக்கு, உடம்பெல்லாம் அசதி, நெஞ்சு படபடங்குது, ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை என்றுதான் வருவார்கள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் முடிந்து, ஒன்றுமில்லை என்ற தாளோடு வீடு திரும்புவார்கள்.

உலகில் 28 கோடிக்கும் மேற்பட்டோர் இந்த நோயோடு வாழ்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையாவது இதற்கு ஆளாகிறார். அவர்களில் சுமார் 85 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை கிடைப்பதில்லை.

கெமிக்கல் கதைக்கு வருவோம். மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022இல் வெளியான பெரிய மீளாய்வு ஒன்று சொன்னது. உடனே, அப்படியானால் மாத்திரைகள் வீணா என்று கேட்டார்கள். காய்ச்சலைப் பாராசிட்டமால் தணிக்கிறது. அதனால் உடம்பில் பாராசிட்டமால் குறைந்ததுதான் காய்ச்சலுக்குக் காரணம் என்று யாரும் சொல்வதில்லை. 522 மருத்துவச் சோதனைகளை, 1,16,477 பேரின் தரவுகளை, ஒன்றுசேர்த்து அலசி 2018இல் லான்செட் இதழ் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட 21 மருந்துகளும் போலி மாத்திரையைவிடக் கூடுதலாக வேலை செய்தன. கூடுதல் மிகப் பெரிது இல்லை, ஆனாலும் உண்டு. ஆக, மருந்து உதவும் என்பது ஒரு செய்தி. ஒருவருக்கு ஏன் நோய் வந்தது என்பது இழப்பு, வறுமை, மரபணு, தனிமை, உடல் நோய் எல்லாம் பின்னிய வேறொரு கேள்வி.

யோசித்தால் விடை கிடைக்குமா?

மனச்சோர்வுக்கு ஒரு பயன் இருக்க வேண்டும் என்ற எண்ணம் விஞ்ஞானிகளையும் விட்டதில்லை. பால் ஆண்ட்ரூஸ், ஆண்டர்சன் தாம்சன் இருவரும் 2009இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். சோர்வுற்ற மனம் உலகத்திலிருந்து ஒதுங்கி ஒரே சிக்கலைச் சுற்றிச் சுற்றி வருகிறதே, அது பழுதில்லை. சிக்கலான வாழ்க்கைப் பிரச்சினைகளை ஆழ்ந்து அலச உதவும்படி பரிணாமம் தந்த ஏற்பாடு என்றார்கள். கேட்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் அசைபோடும் மனம் உண்மையில் எங்கே போய்ச் சேர்கிறது?

இதற்கு ஒரு நல்ல சோதனை தற்செயலாக அமைந்தது. உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்ஸிமா ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களின் மனநிலையையும், சோர்வு வரும்போது அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் அளந்து வைத்திருந்தார். சுமார் இரண்டு வாரத்தில், 1989 அக்டோபர் 17 அன்று, அந்தப் பகுதியைக் கடும் நிலநடுக்கம் தாக்கியது. பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் அதே மாணவர்களை மறுபடி அளந்தார். எனக்கு ஏன் இப்படி, நான் ஏன் இப்படி இருக்கிறேன் என்று உள்ளுக்குள்ளேயே அசைபோடும் பழக்கம் ஏற்கெனவே இருந்தவர்களிடம்தான் சோர்வு கூடுதலாகவும் நெடுநாளும் நீடித்தது. அசைபோடுவது அலசல்போலத் தோன்றும். ஆனால் அதிலிருந்து முடிவு பிறப்பதில்லை, அடுத்த சுற்று அசைபோடல்தான் பிறக்கிறது.

ஏன் என்பதற்கு இன்னொரு ஆய்வு துப்புக் கொடுக்கிறது. 1986இல் கேம்பிரிட்ஜில் மார்க் வில்லியம்ஸும் கீத் பிராட்பென்ட்டும், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் ஒரு சொல்லைத் தந்து, அதையொட்டி வாழ்வில் நடந்த ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியைச் சொல்லச் சொன்னார்கள். மகிழ்ச்சி என்ற சொல்லைத் தந்தால் பிறர் சொல்வது இந்த மாதிரி இருக்கும்: போன பொங்கலன்று அக்கா மகள் முதல் தடவையாக என்னை மாமா என்று கூப்பிட்டாள். தற்கொலைக்கு முயன்றவர்கள் சொன்னது வேறு மாதிரி: சின்ன வயதில் லீவுக்கு ஊருக்குப் போவோம், அப்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும். இதில் நாள் இல்லை, முகம் இல்லை, குரல் இல்லை. பிற்கால ஆய்வுகள் மனச்சோர்வு உள்ளவர்களிடமும் இதையே கண்டன. கடந்த காலம் தனித்தனி நிகழ்ச்சிகளாக நினைவுக்கு வராமல் மொத்தமாக மங்கிவிடுகிறது.

வாழ்க்கைக்கு அர்த்தம் காண்பது என்றால் என்ன? நடந்த குறிப்பிட்ட காரியங்களை ஒன்றோடொன்று கோத்து, இதனால் இது என்று ஒரு கதை சொல்வது. கோப்பதற்குத் தேவையான மணிகளையே நோய் பறித்துவிடுகிறது. கைக்கு எட்டுவது, எப்போதும் இப்படித்தான், நான் எதற்கும் உதவாதவன் என்ற பொதுத் தீர்ப்புகள்தான். இந்த நிலையில் இருப்பவரிடம் போய், இதில் உனக்கு என்ன பாடம் இருக்கிறது என்று யோசி என்றால், அவர் கண்டுபிடிக்கும் பாடம், தான் வாழத் தகுதியற்றவர் என்பதாகத்தான் இருக்கும்.

அர்த்தத்தை அளக்கும் ஒரு வினாநிரலை மைக்கேல் ஸ்டீகரும் உடனாய்வாளர்களும் 2006இல் வெளியிட்டார்கள். பத்தே கேள்விகள். ஐந்து, வாழ்க்கையில் அர்த்தம் இருப்பதாக ஒருவர் உணர்கிறாரா என்பதைப் பற்றியவை. மற்ற ஐந்து, அர்த்தத்தை அவர் தேடுகிறாரா என்பதைப் பற்றியவை. அர்த்தம் இருப்பதாக உணர்ந்தவர்களிடம் சோர்வு குறைவு. தேடிக்கொண்டிருந்தவர்களிடம் அந்த நிம்மதி இல்லை, சோர்வு சற்றுக் கூடுதலாகவே இருந்தது. தேடல் தவறு என்று இதற்குப் பொருளில்லை. தேடு என்று சொல்வது சிகிச்சை ஆகிவிடாது என்பதுதான் பொருள்.

பக்தியின் இரு முகங்கள்

அப்படியென்றால் இறைநம்பிக்கை உதவுவதில்லையா? உதவுகிறது, ஆனால் எந்த மாதிரி நம்பிக்கை என்று கேட்க வேண்டும். ஏறத்தாழ ஒரு லட்சம் பேரை உள்ளடக்கிய 147 ஆய்வுகளை டிமோத்தி ஸ்மித் குழுவினர் 2003இல் தொகுத்தார்கள். சமய ஈடுபாடு கூடக்கூடச் சோர்வு அறிகுறிகள் சற்றே குறைந்தன. வாழ்வில் நெருக்கடிகள் மிகுந்தவர்களிடம் இந்தத் தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது. ஆனால் ஊர் மதிப்புக்காகவும் தன் லாபத்துக்காகவும் மதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களிடமும், கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்று நம்பியவர்களிடமும் சோர்வு கூடுதலாக இருந்தது.

பெற்றோருக்கு மனச்சோர்வு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் ஆபத்து அதிகம். அமெரிக்காவில் அப்படிப்பட்ட குடும்பங்களையும் பிற குடும்பங்களையும் நெடுங்காலம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றின் முடிவை லிசா மில்லர் குழு 2012இல் வெளியிட்டது. ஆன்மிகம் தங்களுக்கு மிக முக்கியம் என்று சொன்னவர்களுக்கு அடுத்த பத்தாண்டில் மனச்சோர்வு வந்த வாய்ப்பு மற்றவர்களுடையதில் நாலில் ஒரு பங்குதான். கோயிலுக்கோ சர்ச்சுக்கோ எத்தனை தடவை போகிறார் என்ற எண்ணிக்கைக்கு அந்த வலு இல்லை. ஆய்வில் இருந்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான், பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். அதனால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொன்று: அங்கே ஆன்மிகம் அந்தப் பத்தாண்டுக்கு முன்பே வாழ்வில் வேரூன்றியிருந்தது. நோய் வந்த பிறகு மருந்துச்சீட்டில் எழுதித் தரப்பட்டது இல்லை.

ஆன்மிக மரபுகளுக்கே இந்த வேறுபாடு தெரியும். ஆன்மாவின் இருண்ட இரவு என்ற கருத்தை உலகுக்குத் தந்தவர் ஸ்பெயினின் கார்மேல் சபைத் துறவி சிலுவை யோவான். சொந்தச் சபையினரே அவரை 1577 டிசம்பரில் பிடித்துத் தொலேதோ நகரில் குறுகிய அறையொன்றில் அடைத்தார்கள். 1578 ஆகஸ்டில் தப்பினார். பிரார்த்தனையில் வறட்சி வந்துவிட்டது என்று வருபவரிடம், அது இறைவன் தரும் இருளா, உடலிலிருந்து எழும் சோர்வா என்று பிரித்தறியும் அடையாளங்களை அவர் எழுதி வைத்தார். இறைப்பணியில் அக்கறை மாறாமலிருந்து சுவை மட்டும் போயிருந்தால் ஒன்று. எல்லாவற்றிலுமே அக்கறை வற்றிப்போயிருந்தால் மற்றொன்று. இரண்டும் சேர்ந்தே வரலாம் என்பதையும் ஒப்புக்கொண்டார். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளியானபோது, பல பத்தாண்டுகள் அவர் கடவுளின் இருப்பையே உணராமல் தவித்தது தெரிந்து உலகம் திகைத்தது. ஆனால் அவர் அந்தக் காலமெல்லாம் ஓயாமல் வேலை செய்தார். எழ முடியாமல் படுக்கையில் கிடப்பவரின் நிலை அது இல்லை. பின்னவரை முன்னவராக எண்ணிப் பாராட்டிக்கொண்டிருந்தால் ஓர் உயிரை இழக்க நேரலாம்.

விளக்கம் மட்டும் போதும், மருத்துவம் வேண்டாம் என்ற மனப்பான்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழகம் பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் என்ற பெயரில் இயங்கிய கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றிக் கருகினார்கள். தர்காவில் பேய் ஓட்டக் குடும்பத்தார் கொண்டுவந்து விட்டவர்கள் பலர். பின்னாளில் அதே ஏர்வாடியில் தவாவும் (மருந்தும்) துவாவும் (பிரார்த்தனையும்) சேர்ந்தே என்ற பெயரில் மனநல மருத்துவச் சேவை தொடங்கப்பட்டது. தொழுகையை விடாமலே மாத்திரையும் வாங்கலாம் என்ற அந்த ஏற்பாடு, மதமா மருத்துவமா என்று மேடையில் நடக்கும் சண்டைகளைவிட அறிவார்ந்தது.

கை முதலில், மனம் அடுத்து

ஜேம்ஸ் எப்படி மீண்டார்? 1870 மார்ச்சில் அவருக்கு நெருக்கமான அத்தை மகள் மின்னி டெம்பிள் காசநோயால் இறந்தார். ஏப்ரல் 30 அன்று ஜேம்ஸ் நாட்குறிப்பில் ஒரு தீர்மானம் எழுதினார். பிரெஞ்சுத் தத்துவவாதி சார்லஸ் ரெனூவியேவைப் படித்ததன் விளைவு அது. மனிதருக்குச் சுய விருப்பம் உண்டு என்று நம்புவதையே தன் சுய விருப்பத்தின் முதல் செயலாக்குவது. கொஞ்ச காலத்துக்கு வெறும் ஊகச் சிந்தனையை ஒதுக்கிவைத்துவிட்டுச் செயலில் இறங்குவது. இந்தக் குறிப்பைப் பலரும் அற்புதத் திருப்பமாகச் சொல்வார்கள். உண்மையில் சோர்வு அன்றே போகவில்லை, அடுத்த சில ஆண்டுகள் வந்து வந்து போனது. 1873இல் ஹார்வர்டில் உடலியல் பாடம் நடத்தத் தொடங்கினார்; 1878இல் திருமணம். வேலையும் மாணவர்களும் குடும்பமுமாக மெல்ல மெல்லத் தரை காலுக்குப் பட்டது. பிற்காலத்திலும் சோர்வு எட்டிப் பார்த்தது. ஆனால் அப்போது நிற்க ஓர் இடம் இருந்தது.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து இதையே கோவாவில் சோதித்துப் பார்த்தார்கள். ஓரளவு கடுமையானது முதல் கடுமையானது வரை மனச்சோர்வு இருந்த 495 பேரை ஆரம்ப சுகாதார நிலையங்களில் சேர்த்தார்கள். ஒரு பாதியினருக்கு வழக்கமான கவனிப்பு மேம்படுத்தித் தரப்பட்டது. மறு பாதியினருக்கு அதோடு ஆறு முதல் எட்டு முறை பேச்சுச் சிகிச்சை. கொடுத்தவர்கள் மனநல மருத்துவர்கள் இல்லை. பயிற்சி பெற்ற உள்ளூர்வாசிகள். சிகிச்சையின் அடிப்படையும் எளியது: மனநிலை சரியானால் செய்யலாம் என்று காத்திருக்காமல், முன்பு பிடித்த, இப்போது கைவிட்ட சின்னச் சின்னக் காரியங்களை நாள் குறித்துச் செய்வது. காலையில் வாசல் வரை நடப்பது, மூலையில் கிடக்கும் தையலை எடுப்பது, பேசாமல் விட்ட தங்கைக்கு ஒரு போன் போடுவது என்ற மாதிரி. மூன்று மாதத்தில் பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் நோயிலிருந்து விடுபட்டார்கள். மற்றவர்களில் 39 விழுக்காட்டினர். 2017இல் லான்செட்டில் வந்த இந்த முடிவில், வாழ்க்கையின் அர்த்தம் என்ன என்று யாரிடமும் யாரும் கேட்கவில்லை. ஆனால் தையலுக்கும் தங்கைக்கும் திரும்புவது என்றால் எது முக்கியமோ அதற்குத் திரும்புவது.

தியானத்தின் கதையும் இதே வரிசையைத்தான் காட்டுகிறது. ஜான் டீஸ்டேல், மார்க் வில்லியம்ஸ், ஜிண்டல் சீகல் மூவரும் பௌத்தத் தியான முறையையும் உளவியல் சிகிச்சையையும் இணைத்து எட்டு வாரப் பயிற்சி ஒன்றை வடித்தார்கள். 2000இல் வெளியான முதல் சோதனையில், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை நோய் கண்டவர்களுக்கு அது திரும்பி வரும் விகிதம் 66இலிருந்து 37 விழுக்காடாகக் குறைந்தது. கவனிக்க வேண்டியது, பயிற்சிக்கு வந்தவர்கள் யார் என்பது. நோயின் உச்சத்தில் இருந்தவர்கள் இல்லை, குணமாகி மறுபடி வராமலிருக்க வழி தேடியவர்கள். எண்ணங்களை விலகி நின்று பார்க்க முதலில் நிற்கத் தெம்பு வேண்டுமே. 2015இல் பிரிட்டனில் 424 பேரிடம் நடந்த சோதனையில் இந்தப் பயிற்சியும் தொடர் மருந்தும் ஏறக்குறைய ஒரே பலன் தந்தன. ஒன்று மற்றதைத் தோற்கடிக்கவில்லை. யாருக்கு எது ஒத்துவரும் என்று மருத்துவரோடு பேசி முடிவெடுக்க இரண்டு வழி கிடைத்தது.

அர்ஜுனனின் கலக்கத்தையே யோகம் என்று பெயரிட்டு முதல் அத்தியாயமாக வைத்திருக்கிறது கீதை. உடல் நடுங்குகிறது, வாய் உலர்கிறது, வில் நழுவுகிறது. துக்கமே ஞானத்தின் வாசல் என்று உபன்யாசங்களில் இதை விளக்குவார்கள். ஆனால் அவன் தேர்த்தட்டில் தனியாக உட்கார்ந்து ஞானம் அடையவில்லை. வாய்விட்டுச் சொன்னான், சொன்னதைக் கேட்க ஒருவர் பக்கத்தில் இருந்தார். மீதி 17 அத்தியாயங்களும் அந்தப் பேச்சிலிருந்து கிளைத்தவை.

கட்டாயம் இல்லை

அமெரிக்க மருத்துவ உளவியலாளர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன், தானே இருமுனைக் கோளாறோடு வாழ்பவர். எழ முடியாத மனச்சோர்வும் கட்டுக்கடங்காத எழுச்சியும் மாறி மாறி வரும் நோய் அது. 1995இல் வெளியான தன் வரலாற்றின் முடிவில், வாய்ப்புக் கிடைத்தால் இந்த நோயை மறுபடி ஏற்பேனா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். லித்தியம் என்ற மருந்து இல்லாத உலகம் என்றால் மாட்டவே மாட்டேன் என்கிறார். லித்தியம் தனக்கு வேலை செய்வதால்தான் ஏற்பேன் என்று சொல்ல முடிகிறது. ஆழமாக உணரவும் நேசிக்கவும் அந்த நோயே கற்றுத்தந்தது என்கிறார். மருந்து முதலில், அர்த்தம் பிறகு என்ற வரிசையை இதைவிடத் தெளிவாகச் சொன்னவர்கள் குறைவு.

ஆகவே, வீட்டில் ஒருவர் இந்த நிலையில் இருந்தால் அவரிடம் தத்துவம் பேச வேண்டாம். சாப்பிட்டியா, தூங்கினியா, நாளைக்கு டாக்டரைப் பார்க்கலாமா, நான் கூட வர்றேன் என்பவைதான் அந்த நேரத்துக்கான கேள்விகள். சாகலாம் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்கவும் தயங்க வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தோன்றுகிறது என்றால் அவரைத் தனியே விடக் கூடாது. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

தெம்பு திரும்பிய பிறகு சிலர் பக்தியில் ஆழ்வார்கள், சிலர் வேலையை மாற்றுவார்கள், சிலர் தம்மைப்போலத் தவிப்பவர்களுக்குத் துணை நிற்பார்கள். அதெல்லாம் அவரவர் சம்பாத்தியம், மதிக்க வேண்டியது. ஆனால் துன்பம் ஒவ்வொன்றும் ஏதாவது கற்றுக்கொடுத்தே ஆக வேண்டும் என்ற கடனை நோயாளியின் தலையில் ஏற்ற யாருக்கும் உரிமை இல்லை. எந்தப் பாடமும் கற்காமல், எந்த வெளிச்சமும் காணாமல், பழையபடி பசித்து, தூங்கி, ஜோக்குக்குச் சிரித்து ஒருவர் எழுந்து நடந்தால் அதுவும் முழுக் குணம்தான்.